தூண் இருக்கும் இடத்தில் துளை

பிளாஸ்டரைத் தண்ணீரில்தான் தூவ வேண்டும். தண்ணீரைப் பிளாஸ்டர்மேல் ஊற்றக் கூடாது. வாளியில் முதலில் தண்ணீர். அப்புறம் மாவைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி விரலிடுக்கில் உதிரவிட வேண்டும். முதலில் போடுவதெல்லாம் முழுகிப் போகும். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு மேலே சின்னச் சின்னத் தீவுகள் தலைகாட்டும். அவை முழுகாமல் நின்றுவிட்டால் மாவு போதும். ஓரிரு நிமிடம் அப்படியே ஊற விட்டுவிட்டு, கையை வாளியின் அடிவரை விட்டு, காற்றுக்குமிழி ஏறாமல் மெதுவாகக் கலக்க வேண்டும். தோசை மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்ற வேண்டியதுதான். கொஞ்ச நேரம் கழித்து அச்சுப் பலகையின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். பிறகு நன்றாகவே சூடாகும். பிளாஸ்டர் என்பது சுட்டுப் பொடித்த ஜிப்சம்தான். சுட்டபோது இழந்த நீரை அது திரும்ப வாங்கிக்கொள்ளும்போது வெளிவரும் சூடு அது.

இதை நான் கற்றுக்கொண்டது கட்டடக்கலை முதுகலைப் படிப்பில். அதற்கு முன்பே பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடக்கலை டிப்ளோமா, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டம், பிறகு தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் கழிப்பறைகளும் மாடிப்படிகளும் வரைந்த அனுபவம் எல்லாம் இருந்தது. வரைபடத்தில் கான்கிரீட்டுக்கு எந்த ஹாட்ச் (பொருளைக் காட்டும் நிரப்புக்கோடு) போட வேண்டும் என்பது தூக்கத்தில்கூடத் தெரியும். அதே கான்கிரீட்டைக் கையால் தொட்டுக் கலக்கியதில்லை.

நான் போனது அமெரிக்காவின் புரோவிடன்ஸ் நகரில் இருக்கும் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன். ரிஸ்டி என்பார்கள். பாஸ்டனிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அந்தப் பள்ளி தொடங்கிய கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ரோட் ஐலண்ட் மாநிலப் பெண்கள் குழு ஒன்று பணம் திரட்டியது. கண்காட்சி முடிந்தபோது கையில் 1,675 டாலர் மிச்சம். அதை என்ன செய்வது என்று பேசி, ஹெலன் மெட்காஃப் என்ற பெண்மணியின் முனைப்பில் 1877இல் ஒரு வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். மிச்சப் பணத்தில் ஒரு பள்ளி! கைவினைஞர்களுக்கு வரையவும் வடிக்கவும் கற்றுக்கொடுத்து, அது அவர்கள் தொழிலுக்கு உதவ வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். ஓவியர்களை உருவாக்குவது மட்டும் இல்லை.

"பெயிண்டிங் படிக்கவா அவ்வளவு தூரம் போறே?" என்று அத்தை கேட்டார். அத்தை மட்டுமில்லை, அலுவலகத்திலும் அதே கேள்விதான், கொஞ்சம் நாகரிகமாக. கலைப் பள்ளி என்றாலே கட்டடம் நிற்குமா நிற்காதா என்ற கவலை இல்லாமல் கனவு வரையும் இடம் என்று ஒரு நினைப்பு. அது சரியில்லை. அங்கே தருவது தொழில்முறை முதுகலைப் பட்டம். அமெரிக்காவின் தேசியக் கட்டடக்கலை அங்கீகார வாரியம் ஏற்றுக்கொண்டது. கட்டமைப்பு, குளிரூட்டல், தீப் பாதுகாப்பு, தொழில் நடைமுறை என்று எல்லாப் பாடமும் உண்டு. உத்தரம் எவ்வளவு வளையும் என்ற கணக்கை அங்கேயும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்பாவின் கேள்விதான் கடினம். "இங்கேயே ஒரு வருஷத்தில முடிச்சிடலாமே, அங்கே எதுக்கு ரெண்டு வருஷம்?" உண்மைதான். தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பட்டம் முடித்தவர்களுக்கு முதுகலை ஒரே ஆண்டு. சாங்கியில் இருக்கும் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்திலும் கட்டடக்கலை முதுகலை உண்டு. இரண்டும் நல்ல இடங்கள். செலவையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை: மசேநிதி (மத்திய சேமநிதி) பணத்தை வெளிநாட்டுப் படிப்புக்குத் தொட முடியாது. அதன் கல்வித் திட்டம் உள்ளூர்க் கல்விக்கழகங்களுக்கு மட்டும்தான். என் சேமிப்பு, ஒரு வங்கிக் கடன், பள்ளி கொடுத்த கொஞ்சம் உதவித்தொகை. கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் பதிலாக எதுவும் சொல்லவில்லை. பள்ளியின் உலோகப் பட்டறைப் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "டிக் வெல்டிங்கும் இருக்கே" என்றார். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

கலைப் பள்ளி என்பதன் உண்மையான அர்த்தம் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் கண்ணாடி ஊதுகிறார்கள். இன்னொன்றில் தறி. இன்னொன்றில் அச்சுக்கலை, மரச்சாமான், பீங்கான். நூலகத்துக்குப் போனால் அது ஒரு பழைய வங்கியின் பெரிய கூடம். மேலே வளைகூரை, நடுவில் மரப்பலகையில் வெட்டிச் செய்த இரண்டு புதிய மண்டபங்கள், 2006இல் திறந்தார்கள். மேல் மாடிகளில் மாணவர் விடுதி. பழைய கட்டடத்தின் உடம்பில் கைவைக்காமல் உள்ளே புதிதாக ஒன்றை எப்படிச் செருகுவது என்று பாடமாக நடத்தவே வேண்டாம், தினமும் அதற்குள் உட்கார்ந்துதான் படிக்கிறோம்.

இயற்கை ஆய்வகம் என்று ஓர் இடம் உண்டு. எட்னா லாரன்ஸ் என்ற ஆசிரியை தாம் சேர்த்து வைத்த சிப்பி, பூச்சி, எலும்பு எல்லாவற்றையும் கொண்டு 1937இல் தொடங்கியது. இப்போது சுமார் 80,000 பொருள்கள். பாடம் பண்ணிய பறவைகள், எலும்புக்கூடுகள், விதைகள், பட்டாம்பூச்சிகள். பலவற்றை நூலகப் புத்தகம்போல் இரவல் வாங்கிப் போகலாம். குறுக்காக வெட்டிய ஒரு பறவை எலும்பை நான் வாங்கி வந்தேன். உள்ளே வெறும் கூடு. ஆனால் முழு வெற்றிடமும் இல்லை; ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மெல்லிய குறுக்குத்தாங்கிகள், சாய்வாக, எங்கே தேவையோ அங்கே மட்டும். அதைப் பென்சிலால் பெரிதாக வரைய வேண்டும். வரைந்து முடித்ததும் ஆசிரியர் பார்த்துவிட்டு, "இன்னொரு முறை" என்றார். தப்பு எதையும் சுட்டவில்லை. அடுத்ததிலும் அதே. கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் மறுபடி வரையும்போதுதான் ஒவ்வொரு தாங்கியும் சுவரைச் சேருமிடத்தில் கொஞ்சம் பருத்திருப்பது கண்ணில் பட்டது. கணினியில் இரண்டு கோட்டை இணைத்துவிட்டால் அது இணைப்பு. எலும்பில் அப்படி இல்லை.

குளிர்கால விடுமுறைக்கும் அடுத்த பருவத்துக்கும் நடுவில் சில வாரங்கள் ஒரு தனிப் பருவம் வைத்திருக்கிறார்கள். அப்போது உன் துறைக்கு வெளியே ஏதாவது ஒன்றைப் படிக்கலாம். நான் தறிக்குப் போனேன். தாத்தா பரமக்குடிப் பக்கம் நெசவுக் குடும்பம். சிங்கப்பூர் வந்தபின் அவர் தறியைத் தொட்டதே இல்லை, எனக்கு அவர் சொல்லித்தந்ததும் இல்லை. பாவு கட்டுவதற்கே பாதி நாள்கள் போய்விட்டன. நெய்தது ஒரு துண்டுகூடத் தேறாது. அதைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

விமர்சனக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரிட் என்று எல்லா ஊரிலும் கட்டடக்கலை மாணவர்கள் நடுங்குவது. சுவரில் வரைபடத்தை ஒட்டிவிட்டு, மாடலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தூங்காத கண்ணோடு நிற்க வேண்டும். அலுவலகத்தில் எனக்குப் பழகிய கேள்விகள் வேறு: மொத்தத் தளப்பரப்பு எவ்வளவு, கார் நிறுத்துமிடம் போதுமா, தீயணைப்பு வண்டி எங்கே நிற்கும். இங்கே வந்து உட்காருபவர்களில் பாதிப் பேர் கட்டடக் கலைஞர்கள் இல்லை. ஒரு முறை வந்திருந்த சிற்பி ஒருவர் என் மாடலைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இதன் எடை என்ன?" கிட்டத்தட்ட 30 கிலோ. தூக்கிக்கொண்டு வந்தவளுக்குத் தெரியாதா! சொன்னேன். "அப்படியென்றால் இதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேர் எங்கே பிடிப்பார்கள் என்று யோசித்தாயா?" என்றார். ஒரு மாடலுக்கு இப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைக்கு இதே கேள்வியைத்தான் இன்று தினமும் கேட்கிறேன்: கொக்கி எங்கே, பாரந்தூக்கி எங்கே பிடிக்கும்.

ஆனால் எல்லாம் இப்படி ஆழமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கலைப் பள்ளிச் சூழலுக்கே உரிய ஒரு வாய்ப்பந்தல் உண்டு. 'உடல்', 'நினைவு', 'எல்லை' என்று மூன்று சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு அரை மணி நேரம் பேசிவிட முடியும். அப்போது நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த ஊர்க் கலைப் பள்ளியிலும் இது இருக்கும், சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த 30 கிலோ மாடல் என்னவென்று சொல்லவில்லையே. அது எங்கள் ஈசூன் புளோக்கின் வாய்ட் டெக்.

இறுதித் திட்டத்துக்கு என்ன எடுப்பது என்று யோசித்தபோது, கூட இருந்தவர்கள் அருங்காட்சியகம், நூலகம், நினைவகம் என்று போனார்கள். எனக்குப் புளோக்குக்குக் கீழே இருக்கும் அந்தத் திறந்த தளம்தான் மனதில் நின்றது. 1970களிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கட்டடங்களில் வழக்கமாகிவிட்டது அது. கீழ்த்தளத்தில் வீடு வைக்காமல் தூண்களை மட்டும் விட்டு, காற்றுக்கும் ஆளுக்கும் வழிவிட்டார்கள். மலாய்க்காரர் கல்யாணம், சீனர் இறுதிச்சடங்கு, நம்மவர் வீட்டுச் சாவு என்றால் மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோகும்வரை நாற்காலி போட்டு உட்காருவது, சதுரங்கக் கட்டம் பதித்த கான்கிரீட் மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள், பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்புக்கு நேர் கீழே பந்து விளையாடும் பிள்ளைகள். சிங்கப்பூர்வாசிகளில் சுமார் 80 விழுக்காட்டினர் வீவக வீட்டில் இருக்கிறார்கள். அதனால் இது யாரோ ஒருவரின் கதை இல்லை. புதிய புளோக்குகளில் இந்த இடம் சுருங்கிவருகிறது. குழந்தைப் பராமரிப்பு நிலையம், முதியோர் நடவடிக்கை நிலையம் என்று தேவையானவைதான் உள்ளே வருகின்றன. குறை சொல்ல முடியாது. ஆனால் யாருக்கும் ஒதுக்காத இடம் குறைகிறது.

ஜூன் விடுமுறைக்கு ஊர் வந்தபோது எங்கள் புளோக்கின் கீழே அளக்க ஆரம்பித்தேன். தரையிலிருந்து உத்தரத்தின் அடிவரை, தூணிலிருந்து தூண்வரை. புளோக்குக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கடையை மாமா கடை என்போம். அதை நடத்தும் பாய் முதல் நாளே பார்த்துவிட்டார். "என்னம்மா, டவுன் கவுன்சிலா? சாமான் வெளியே வச்சா ஃபைனா?" என்றார். மூன்றாவது மாடி வெல்டர் மகள் என்று சொன்னதும் ஒரு மைலோ பாக்கெட் கொடுத்து உட்காரச் சொன்னார். அவர் கடை இரும்புக் கதவுக்குள் ஒரு சின்ன அறைதான். காலையில் கதவை மடித்ததும் பிஸ்கட் டின், பத்திரிகை, கயிற்றில் தொங்கும் ஊறுகாய்ப் பொட்டலம், பிளாஸ்டிக் பந்து என்று வெளியே வழிந்து, ராத்திரி மறுபடி உள்ளே போய்விடும். அந்த இரண்டு எல்லையையும் வரைந்துகொண்டேன்.

அங்கே எனக்குக் கிடைத்த நல்ல விஷயம் மழைதான். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை சுமத்ரா புயற்காற்று வரும், பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோ. காற்றோடு மழை சாய்ந்து அடிக்கும். அப்போது சாரல் எங்கே வரை உள்ளே வருகிறது என்று தரையில் சாக்குக் கட்டியால் கோடு போட்டேன். நேராக வராது. தூணுக்குப் பின்னால் காய்ந்த முக்கோணம் ஒன்று இருக்கும். தபால் பெட்டிச் சுவர் இருக்கும் பக்கம் கோடு வெளியே தள்ளி நிற்கும். மின்தூக்கிப் பக்கச் சந்தில் காற்று பாய்வதால் உள்ளே நீளமாக நாக்கு நீட்டும். அப்புறம் அதே கோட்டை மனிதர்கள் உட்காரும் இடத்தோடு வைத்துப் பார்த்தேன். தாத்தாக்கள் நாற்காலி போட்டிருந்த இடம் ஒவ்வொன்றும் கோட்டுக்கு உள்ளே, ஆனால் கோட்டை ஒட்டி. அவ்வளவு தூரம்தான் உள்ளே போயிருந்தார்கள். அதற்கு மேல் போனால் காற்று இல்லை. யாரும் அளந்து சொல்லாமலே அவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஒரு தாத்தா என் சாக்குக் கோட்டைப் பார்த்துவிட்டு, "டிசம்பர்ல வடகிழக்குப் பக்கம் வந்து பாரு, வேற மாதிரி இருக்கும்" என்றார். பருவக்காற்று மாறினால் அவர் நாற்காலியும் இடம் மாறும்.

புரோவிடன்ஸ் திரும்பியதும் அந்தத் தளத்தின் காற்றை பிளாஸ்டரில் வார்த்தேன். ஐம்பதில் ஒரு பங்கு அளவு. தரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம் வெள்ளைப் பாளமாகிவிடும். தூண் இருக்கும் இடத்தில் துளை. மாமா கடை ஒரு பொந்து. இப்படி வெற்றிடத்தை வார்ப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரெட் 1993இல் கிழக்கு லண்டனில் ஒரு முழு வீட்டின் உள்ளிடத்தையே கான்கிரீட்டில் வார்த்தார். அந்த ஆண்டு டர்னர் கலைப் பரிசும் வாங்கினார். அடுத்த ஜனவரியில் அதை இடித்துவிட்டார்கள். என் பாளத்தின் மேல்பரப்பில் சாரல் கோட்டைக் கீறினேன். அமெரிக்க நண்பர்களுக்கு அதன் பிறகுதான் புரிந்தது. அதுவரை 'காலியாக இருக்கும் தரைத்தளம்' என்று நான் எவ்வளவு விளக்கினாலும் கார் நிறுத்துமிடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

திட்டம் என்றால் ஏதாவது கட்ட வேண்டுமே. நான் முன்வைத்தது சின்னது. புதிய புளோக்கில் கீழ்த்தளத்தின் கூரையை ஒரே மட்டமாக வைக்காமல், சாரல் கோட்டுக்கு வெளியே தாழ்த்தி, உள்ளே உயர்த்துவது. கூடாரத் துணி கட்ட உத்தரத்தில் நிரந்தரக் கொக்கிகள். பெரிய சமையலுக்குத் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் ஒரே இடத்தில். விசிறிக்கு மின் இணைப்பு தூணிலேயே. கல்யாணமோ சாவோ, கம்பம் நட்டு ஊர்வலமாகச் சாமான் கொண்டுவராமல் நடத்த ஒரு தளம். ஒருவர், "கட்டடம் எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தச் சிற்பி வேறு எதுவும் சொல்லாமல் கீறலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் அத்தை, "இப்ப ஆர்க்கிடெக்ட் ஆயிட்டே இல்ல?" என்றார். இல்லை. சிங்கப்பூரில் கட்டடக் கலைஞர் சட்டப்படி வாரியத்தில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு அங்கீகரித்த பட்டம் வேண்டும், அனுபவம் வேண்டும், தொழில்முறைத் தேர்வும் எழுத வேண்டும். அதனால் என் பெயர் அட்டையில் இன்னும் 'வடிவமைப்பாளர்' என்றுதான் இருக்கிறது. சம்பளத்தில் கலைப் பள்ளிக்கென்று தனியாக ஒன்றும் கூடவில்லை. அலுவலகத்தில் மறுபடி மாடிப்படி கொடுத்தார்கள்.

மாறியது கட்டுமானத் தளத்தில்தான். போன மாதம் ஒரு கைப்பிடிச் சுவர் வார்ப்பில் மூலை உடைந்து உடைந்து வந்தது. மேற்பார்வையாளர் அறந்தாங்கிக்காரர். முன்பெல்லாம் நான் வரைபடத்தை நீட்டுவேன், அவர் தலையாட்டுவார். இந்த முறை அவரோடு போய் சென்ட்ரிங் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். "அண்ணே, மூலை ரொம்பக் கூர்மையா இருக்கே, பலகை பிரிக்கும்போது கல்லு நிக்காதே" என்றேன். "அதத்தான் மேடம் நானும் சொல்லணும்னு இருந்தேன், டிராயிங்ல அப்படித்தானே இருக்கு" என்றார். மூலையில் ஒரு சின்ன முக்கோணக் கட்டை வைத்துச் சரிவு கொடுத்தோம். அன்று மாலையே வரைபடத்தையும் மாற்றினேன். பிளாஸ்டர் அச்சில் இதே மூலையை நான் பலமுறை பிரித்திருக்கிறேன்.

தொழிற்கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகன், "அக்கா, நானும் அங்கே போகலாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். முதலில் சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலை நீயே பார், நான் சொன்னேன் என்று போகாதே. டிசைன்சிங்கப்பூர் உதவித்தொகைக்கு விண்ணப்பி. கிடைத்தால் என்னைப்போல் கடனில் மூழ்க வேண்டாம். வேலை செய்து பார்த்துவிட்டுப் போ. கழிப்பறை வரைந்தவனுக்குத்தான் பட்டறையின் அருமை தெரியும். விண்ணப்பத் தொகுப்பில் பளபளக்கும் கணினிப் படங்களைக் குறைத்து, கையால் செய்ததையும் வரைந்ததையும் வை, பாதியில் நின்றதாக இருந்தாலும் சரி. அப்புறம், குளிர் காலணியை இங்கே வாங்கிக்கொண்டு போகாதே. அங்கே போய் வாங்கு. பள்ளி இருப்பது செங்குத்தான மேட்டில். பனி உறைந்த காலையில் இங்கே வாங்கிய ஷூவோடு இறங்கினால் ஸ்டுடியோவுக்கு நடந்து போக மாட்டாய், சறுக்கிக்கொண்டுதான் போவாய்.